டைகருக்கு வைத்த சோறு

“கஜலட்சுமி, வைக்காத!” பாய்ந்து வந்த சுதேஷ், நாயின் மூக்கடியிலிருந்த இறைச்சிச் சோற்றைத் தட்டோடு பறித்தான். “கலஹா மலைரோட்டு வளைவுல டைகர் வாந்தி எடுத்தா? இரவல் கார்! மேனேஜர் என்னத் தொலைச்சிருவாரு.”

பின் ஸீட்டில் ரப்பர் விரிப்புப் போட்டு, கன்றுக்குட்டி அளவு டைகரை ஏற்றி, பெல்ட்டோடு இணைத்துக் கட்டினான். பேராதனையிலிருக்கும் மிருக வைத்தியரிடம் போக, கஜலட்சுமி காரை எடுத்தாள்; சுதேஷ் அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

ஐந்தாவது வளைவில் அந்தச் சத்தம் கேட்டது. காரை ஓரங்கட்டித் திரும்பினாள். விரிப்பில் ஒரு சொட்டு இல்லை, டைகர் வாலாட்டியது. நாசமாகியிருந்தது முன் ஸீட்.

“அந்தச் சோத்த எங்கங்க கொட்டினீங்க?”

சுதேஷ் வாயைத் துடைத்தான்.

“கொட்டல. வீணாப் போகுமேன்னு நான்தான்…”