டீசன்ட்டான குடும்பம்

போன வாரம்தான் மாற்றலாகி வந்திருந்த குருவானவர், மூன்றாம் ஓலையை வாசிக்க எழுந்தார்.

இது முடிந்தால் புதன்கிழமை கல்யாணம். பாளையங்கோட்டை ஜாஸ்பருக்கும் ராதாபுரம் ஸ்வீட்லினுக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார்கள். யாரும் சொன்னதில்லை. அந்த நேரத்தில் ஒரு இருமல் இருமிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவார்கள்.

பெண்கள் பக்கம், சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன்.

டீசன்ட். இந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வைத்தே சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள்.

டீசன்ட்டான குடும்பம் என்றால் நம்ம சாதி. டீசன்ட்டான பெண் என்றால் வாய் திறக்காது. நாங்கள் எதுவும் கேட்கவில்லை, டீசன்ட்டாகச் செய்யுங்கள் என்றால் பவுனும் காரும். பிச்சை எடுப்பதிலும் ஒரு கௌரவம். த்தூ!

பையன் டீசன்ட் என்றால்?

அது எனக்குத் தெரியும். குழம்பில் உப்பு கூடிப்போனதற்கு என் மணிக்கட்டை முறுக்கினான். எலும்பு முறிந்த பிறகும் விடவில்லை.

அவன் அப்பா ஞானசிகாமணி பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்:

“ஏட்டி, கைக்கட்டோட கோயிலுக்கு வந்துராத. டீசன்ட்டா இருக்காது.”

அதனால் முதல் இரண்டு ஓலைக்கும் நான் வீட்டில் கிடந்தேன். கட்டு அவிழ்த்தாயிற்று என்று இன்றைக்குக் கூட்டி வந்தார்கள்.

ஸ்வீட்லின் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சிரித்துச் சிரித்துப் பேசுகிற பிள்ளை. அவளிடம் இதை யார் சொல்வார்கள்?

குருவானவர் வாசித்து முடித்தார். தடை உண்டா என்று தலையைத் தூக்காமலே கேட்டார்.

எழுந்து நின்றேன்.

“இருக்கு. அவன் கை நீட்டுவான். அந்தப் பிள்ளைய அவனுக்குக் கொடுக்கக் கூடாது.”

இருமல்கள் நின்றன. ஆண்கள் பக்கத்திலிருந்து ஞானசிகாமணி, உட்காரு உட்காரு என்று கையை அமர்த்தினார். ஜாஸ்பர் தலையைக் குனிந்துகொண்டான். நான் உட்காரவில்லை.

குருவானவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“நீங்க மாப்பிள்ளைக்கு என்ன வேணும்மா?”

“பெத்தவ ஐயா,” என்றேன்.