பத்தொன்பது போன்

"பாஸ்வேர்டை மாத்திட்டா ரெண்டு நிமிஷ வேலைங்க" என்றான் தீபக்.

குன்னூரிலிருந்து வந்திருந்த நெட்வொர்க் டெக்னீஷியன் அவன். எதிரே நின்றவர் அரவேணு பக்கத்துத் தேயிலை பேக்டரியின் மேனேஜர் குமாரசாமி.

"மாத்துனா சாயங்காலத்துக்குள்ள யாராச்சும் சொல்லிக் கொடுத்துருவாங்க. ஒவ்வொரு போனா எழுதிக்கலாம்" என்றார் அவர்.

விஷயம் இதுதான். இலை விலை விழுந்ததிலிருந்து பேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருந்த ஆண்களில் பாதிப்பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். பேக்டரியும் லைனும் இருந்த பள்ளத்தில் எந்த டவரும் எடுக்காது. பேக்டரி வைஃபை மட்டும் சுவரைத் தாண்டி வரும். பெண்கள் சுவரோரம் நின்று புருஷனிடம் பேசுவார்கள்.

கோயம்புத்தூரில் இருக்கும் முதலாளி போன வாரம் வந்தபோது அதைப் பார்த்துவிட்டார். வேலையே இல்லாத நேரத்தில் ஓசி நெட் எதற்கு, அடுத்த சனிக்கிழமை நான் வரும்போது இந்த வைஃபை பேர்கூட என் போனில் வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஆபீஸ் கம்ப்யூட்டர் இரண்டும் கேபிளில் ஓடின. அதனால் குமாரசாமிக்கு அங்கே சிரமம் இல்லை.

தீபக் லேப்டாப்பைத் திறந்து முதலில் வைஃபையின் பெயரை மறைத்தான். சிக்னல் பவரைக் குறைத்துவிட்டால் சுவருக்கு வெளியே போகவே போகாது என்று சொல்லிப் பார்த்தான்.

"அது இருக்கறபடியே இருக்கட்டுங்க."

இவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று தீபக் நினைத்துக்கொண்டான்.

லைனில் உள்ளவர்களைப் போனோடு வரச் சொல்லியிருந்தார் குமாரசாமி. மழையில் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு போனாக வாங்கி, அதற்குள் இருக்கும் அடையாள எண்ணைத் தீபக் படிக்க, குமாரசாமி நோட்டில் எழுதினார். பிழை ஏதும் வந்துவிடக் கூடாதென்று இரண்டு தடவை சரிபார்த்தார்.

கடைசியாக வந்தவள் இசக்கியம்மா. இலை பறிக்கிறவள். ஏழு மாத வயிறு. போனைக் கொடுக்காமல் முந்தானைக்குள் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, பிரசவத்துக்குள்ள அவங்க லீவு கிடைச்சு வருவாங்களோ என்னவோ. தினம் ஒருக்கா மூஞ்சியப் பாக்கிறது இதுலதானுங்க."

"போனைக் குடு" என்றார் குமாரசாமி.

கொடுத்தாள். எழுதி முடித்ததும் திருப்பிக் கொடுத்து, போய் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. கதவோரமே நின்றாள்.

 நாளைக்கு இந்த வேலையை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது என்று தீபக்குக்குத் தோன்றியது. மனசுக்குள் மேனேஜரைத் திட்டிக்கொண்டே பத்தொன்பது எண்களையும் அடித்து முடித்தான். திரையில் இரண்டு கட்டங்கள் வந்தன. கீழே இருந்த 'இவற்றைத் தடு' என்பதற்கு அம்புக்குறியைக் கொண்டு போனான்.

குமாரசாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"தம்பி, அதில்லைங்க. மேல இருக்கறதை அமுக்குங்க."

மேலே இருந்தது, 'இவற்றை மட்டும் அனுமதி.'

அவர் தெரியாமல் சொல்கிறார் என்று நினைத்து, தீபக் பொறுமையாக விளக்கினான்.

"ஐயா, அதை அமுக்குனா இந்தப் பத்தொன்பது போனுக்கு மட்டுந்தானுங்க கிடைக்கும். பேரும் மறைஞ்சிருக்கு, தெரிஞ்சவங்க கையால அடிச்சாத்தான் வரும். சனிக்கிழமை முதலாளி வந்து எவ்வளவு தேடுனாலும் அவர் போன்ல ஒண்ணுமே தெரியாதுங்களே?"

"அதுக்குத்தானுங்க தம்பி, உங்களைக் குன்னூர்ல இருந்து வரச் சொன்னது" என்றார் குமாரசாமி.