நடைத்துணை

தனக்கென்று சர்க்கரை போடாமல் எடுத்து வைத்திருந்த தேநீரைக் குடித்து முடித்தாள் சல்கா. சாம்பிராணிப் புகையை சேலைபோல் சுற்றியிருந்த மெல்ஹஃபாவின் முந்தானைக்குள் பிடித்துவிட்டு, ஓட்டக் காலணியின் நாடாவைக் கட்டினாள்.

"நடக்கப் போறவளுக்கு எதுக்கு வாசனை?" என்றான் அவள் கணவன் யெஸ்லிம்.

"ஏன், வேர்வை நாத்தத்தோட போகவா?"

பதினான்கு வாரமாக இதே கதை. காலையில் வழக்கமான சீனி மோருக்குப் பதில் வெறும் மோர், இரவில் அரைத் தட்டுச் சோறு, சாயங்காலம் விளையாட்டரங்கைச் சுற்றி ஐந்து சுற்று. ஒரு நாள் தவறவில்லை. பதினோரு கிலோ குறைந்துவிட்டாள்.

நுவாக்‌ஷோத் ஊர் வழக்கப்படி மனைவி பருமனாக இருந்தால்தான் கணவனுக்குப் பெருமை. அவளோ வளையல் கழன்று விழ விழச் சிரித்தாள்.

"தனியாவா நடக்கற?"

"துணைக்கு ஆள் இருக்கு."

"யாரு?"

"அது உங்ககிட்ட பேசற பேச்சில்ல." முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனாள்.

யெஸ்லிம் நேராக எதிர்க் கடைக்குப் போய் நண்பன் ஹமாதியிடம் கொட்டினான்.

"கல்யாணமான பொம்பள இளைச்சா ஒண்ணு நோவு, இல்ல வேற நெனப்பு. எங்க அத்தை சொல்லும்" என்றான் ஹமாதி.

"இன்னைக்கு அவ பின்னாடியே போகப் போறேன்."

"நீயா? மாமனார் கார் சத்தம் கேட்டாலே மூஞ்சிய மூடிக்கிட்டு சந்துக்குள்ள ஓடறவன், நீ உளவு பாக்கப் போறியா?"

"டேய், நம்ம ஊர்ல எந்த மாப்பிள்ளைடா மாமனார் முகத்துல விழிப்பான்? அது மரியாதை. எட்டு வருஷமா ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்காம காப்பாத்தறேன். இது மானம். கூட எவனாவது இருந்தான், இன்னைக்கே தலாக்."

கண் மட்டும் தெரியும்படி தலைப்பாகைத் துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு கிளம்பினான்.

அரங்கின் மதிலோரம் பெண்கள் கூட்டம் கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். சல்காவின் பக்கத்தில் நீல அங்கி போட்ட ஓர் ஆள். ஓங்குதாங்கான உடம்பு. தாடி மை பூசியதுபோல் கருகருவென்று இருந்தது.

அந்த ஆள் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுக்க, சல்கா அந்தக் கையில் பட்டென்று அடித்துப் பிடுங்கினாள்.

"இன்னைக்கு மூணு ஆயாச்சு! கணக்கு எனக்குத் தெரியாதா?"

இருவரும் சிரித்தார்கள். தன்னோடு அவள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யெஸ்லிம் யோசித்துப் பார்த்தான். நினைவுக்கு வரவில்லை.

பாய்ந்து போய் அந்த ஆளின் தோளைப் பிடித்துத் திருப்பினான். தன் முகத்துத் துணியைக் கழுத்துக்கு இழுத்துவிட்டான்.

"யார்டா நீ? இவகூட உனக்கு என்ன சிரிப்பு?"

நடந்துகொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். சல்காவின் முகம் வெளிறியது.

அந்த ஆள் யெஸ்லிமை மேலும் கீழும் பார்த்தார். கோபத்தைவிட வியப்புதான் அதிகம் தெரிந்தது.

"அதைக் கேக்க நீ யாருப்பா?" என்றவர் அவள் பக்கம் திரும்பினார். "சல்கா, உனக்குத் தெரிஞ்சவனா?"

"நான் யாரா? நான் இவளோட…"

சல்கா சட்டென்று குறுக்கே வந்து நின்றாள்.

"அப்பா, இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது. வாங்க, நடப்போம்."