படத்தில் இல்லாதவர்

“எல்லாப் படத்திலயும் நீ மட்டும்தானே நிக்கிறாய். மனுசன் எங்க?”

கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்த அண்ணன் நிமிர்ந்து கேட்டார்.

துஷாந்தியும் எட்டிப் பார்த்தாள். ரோமில் இடிந்த அரங்கின் முன்னால் அவள் தனியாக. வெனிஸ் பாலத்தில் தனியாக. பிராக்கில் பழைய மணிக்கூட்டுக்குக் கீழேயும் தனியாகத்தான். யாரோ ஒரு ஜப்பான்காரி எடுத்துக் கொடுத்த படம்.

கலியாணம் முடித்துப் பத்து வருசத்தில் அவளும் புருசன் தனோஜனும் சேர்ந்து போன முதல் பயணம், ஐரோப்பாச் சுற்றுலா. டவுனில் ட்ரவல்ஸ் வைத்திருக்கும் அண்ணன்தான் விசா, டிக்கெட் எல்லாம் ஒழுங்கு செய்து கொடுத்தவர்.

“சொல்லு துஷா. சண்டையோ?”

அதற்கு மேல் அவளால் அடக்க ஏலவில்லை.

“ஒவ்வொரு ஊரிலயும் பஸ்ஸால இறங்கின உடன, ‘நீர் இதைப் பாத்துக்கொண்டு நில்லும், நான் வாறன்’ எண்டிட்டுப் போயிடுவார் அண்ணா. ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு ஆளைக் காணேலாது. கேட்டால், சும்மா நடந்திட்டு வந்தனானாம்.”

“நீ பின்னால போய்ப் பாக்கேல்லையே?”

“வியன்னாவில போனனான். எல்லாரும் அரண்மனை பாக்கினம். இவர் ரயில்வே ஸ்டேசனுக்குப் பின்னால ஒரு தமிழ்க் கடையில கதைச்சுக்கொண்டு நிக்கிறார். என்னைக் கண்ட உடன கையில இருந்ததை டக்கெண்டு பொக்கற்றுக்குள்ள வைச்சிட்டார்.”

அண்ணனின் முகம் இறுகியது.

“அங்கேயே நிண்டிட வழி பாத்திருக்கிறான். உப்பிடி எத்தினை பேரைக் கண்டிட்டன்.”

“எனக்கும் அந்தப் பயம்தான். ரெண்டு பாஸ்போட்டையும் என்ர கைப்பைக்குள்ளயே வைச்சிருந்தனான். பாரிஸில பிளேன் ஏறும் வரைக்கும் நெஞ்சு இடிச்சுக்கொண்டே இருந்தது.”

“இப்ப ஆள் எங்க?”

“வந்து மூண்டு நாள்தான். துறைமுக வேலைக்கு இண்டைக்கும் லீவாம். விடிய வெளிக்கிட்டவர். மனையாவெளிப் பக்கம் மோட்டச்சைக்கிளைத் திருப்பினதைப் பக்கத்து வீட்டுப் பஹ்மியா கண்டவவாம்.”

“மனையாவெளியோ?”

அண்ணன் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு எழும்பினார்.

“நீ அங்க ஒண்டும் போகாதை. வீட்டை வரட்டும், நான் வந்து கதைக்கிறன்.”

ஊற்றி வைத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

போகாதே என்றால் இருப்பவளா துஷாந்தி? அடுத்த பத்தாவது நிமிசம் அன்புவழிபுரத்துச் சந்தியில் ஓட்டோவை மறித்து ஏறினாள். இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்ற முடிவு. வழி முழுக்கக் கேட்க வேண்டிய கேள்விகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள்.

மனையாவெளியில், கரையில் இழுத்து விட்டிருந்த தோணிகளுக்கு நேரே ஒரு சின்ன வீடு. வாசலில் அவர்களுடைய மோட்டார் சைக்கிள்.

உள்ளே தனோஜனின் குரல். இடையிடையே ஒரு பெண்ணின் குரல்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே புகுந்தாள்.

கதிரையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. காலடியில் தனோஜன். அந்த அம்மாவின் மடியில் சுற்றுலாவில் கொடுத்த வரைபடம் விரிந்து கிடந்தது. விரலால் ஒவ்வொரு ஊராகத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“பிராக்கில நாலு இடத்தில விசாரிச்சனான் அம்மா. பூடாபெஸ்டில ஆஸ்பத்திரியிலயும் கேட்டுப் பாத்தன். வியன்னாக் கடைக்காரர்தான் படத்தை வடிவாப் பாத்திட்டு, ரெண்டு வருசத்துக்கு முதல் இந்த முகத்தைக் கண்ட மாதிரி இருக்கு எண்டவர். திரும்பக் கண்டால் அறிவிக்கச் சொல்லி நம்பர் குடுத்திட்டு வந்தனான்.”

அவன் கையில் இருந்த படத்தைத் துஷாந்தி அடையாளம் கண்டாள். நிதுசன். அவர்களுடைய கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன்.

“நிதுசன் வெளிநாட்டில நல்லா இருக்கிறான் எண்டுதானே சொன்னனீங்கள்?”

தனோஜன் திடுக்கிட்டு எழும்பினான். அந்த அம்மாதான் மறுமொழி சொன்னார்.

“ஊருக்கு அப்பிடித்தான் சொல்லி வைச்சிருக்கிறன் பிள்ளை. என்ர மகன் கடைசியாக் கதைச்சு ஆறு வருசமாகுது.”

துஷாந்தியின் கோபம் வேறு பக்கம் திரும்பியது.

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நானும் சேந்து தேடியிருப்பனே! நீங்கள் என்னை விட்டிட்டு நிக்கப் போறியள் எண்டு எவ்வளவு பயந்தனான் தெரியுமே?”

தனோஜன் தலை குனிந்தான்.

“ஏன் மறைச்சனீங்கள்? நான் என்ன வேத்தாளே?”

அந்த அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அம்மா, வேண்டாம்...” என்றான் தனோஜன்.

“இல்லை தம்பி. என்னால நீங்கள் ரெண்டு பேரும் பிரியக்கூடாது.”

துஷாந்தியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார்.

“அவனைக் கோவிக்காதை பிள்ளை. என்ர மகனைக் காசு வாங்கிக்கொண்டு வெளிநாட்டுக்கு அனுப்பி வைச்சது உன்ர அண்ணன். அவற்ற ஆக்கள்தான் என்ர பிள்ளையை நடுவழியில விட்டிட்டுப் போனது. அது தெரிஞ்சால் நீ அண்ணன்ர முகத்தில முழிக்கமாட்டாய், உனக்கு இருக்கிறது அந்த ஒரு சகோதரம்தான் எண்டு, இவன் என்னட்டயும் சத்தியம் வாங்கி வைச்சிருந்தவன்.”