டொம், டொக்

டொம்.

யோயோ மறுபடியும் தரையில் விழுந்து, உருண்டோடி, சோபாவுக்கு அடியில் ஒளிந்துகொண்டது.

கீழ்வீட்டிலிருந்து உடனே பதில் வந்தது. டொக்.

கீழே குடியிருப்பவர் நூலகர். பேசுகிறவர்களை ஒரே பார்வையில் வாயடைக்க வைப்பது அவர் தொழில். ஒன்பது நாளாகத் துடைப்பக்கட்டையால் சீலிங்கைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

சில சமயம் நான் கீழே போடாதபோதும் தட்டுவார். முன்கூட்டியே கண்டிக்கிறார் என்று எடுத்துக்கொள்வேன்.

மற்ற யோயோக்களை நூலில் கட்டியிருப்பார்கள். விட்டால் திரும்பி வரும். இதைக் கட்டுவதில்லை. வீசியதும் நூலை விட்டுப் பிரிந்து காற்றில் தனியாகச் சுழலும். விழுவதற்குள் இரண்டு கைக்கும் நடுவே நூலை நீட்டி, அதன்மேல் ஏந்திக்கொள்ள வேண்டும்.

ஒரு தடவைகூட ஏந்தியதில்லை.

முதலில் வாங்கியது மஞ்சள். அன்றைக்கே அது பால்கனியைத் தாண்டிக் குதித்து, நூலகரின் பூந்தொட்டிகளுக்கு நடுவே காணாமல் போனது. போய்க் கேட்கப் பயம். சிவப்பில் இன்னொன்று வாங்கினேன். மறுநாள்தான் இந்தத் தட்டல் ஆரம்பித்தது.

"ஒரு நாய்க்குட்டி வாங்கியிருந்தா, இந்நேரம் அதாவது கவ்வியிருக்கும்" என்றாள் மனைவி, காலையில் கிளம்பும்போது. அவள் திரும்புவதற்குள் ஒரே ஒரு தடவையாவது பிடிக்காவிட்டால் பரணில் போட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

மணி ஐந்து. தெருமுனையில் அவளுடைய நீலக் குடை தெரிந்தது.

சோபாவுக்கு அடியில் கையை விட்டு எடுத்தேன். நூலின் முனையை நடுவிரலில் மாட்டி, மிச்சத்தை அதில் சுற்றினேன். வீசினேன்.

சிவப்பு மேலே எழுந்தது. நூலை நீட்டினேன்.

டொம் வரவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தேன். நூலின்மேல் உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காததுபோலச் சுழன்றுகொண்டிருந்தது.

நான் அதிகம் பேசாதவன். ஒரு நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிடுவேன். அப்போது கேட்ட ஊளை என்னுடையதுதானா என்று இன்னும் சந்தேகம். சோபாமேல் ஏறிக் குதித்தேன். இறங்கி இன்னொரு தடவை ஏறினேன்.

பிறகுதான் உறைத்தது. பார்த்தவர் யாருமில்லை. மனைவி நம்பவே மாட்டாள்.

சாட்சி வேண்டும். என் ஒவ்வொரு தோல்வியையும் ஒன்றுவிடாமல் கேட்டவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான்.

இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. முதலில் மன்னிப்பு, அப்புறம் சாட்சி என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே அழைப்புமணியை அழுத்தினேன்.

கதவு அந்த நொடியே திறந்தது. ஏற்கெனவே கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்க வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"டொம்முனு கேக்கவே இல்லையே" என்று கிசுகிசுத்தார். "புடிச்சிட்டீங்களா? எப்படிங்க?"

அவர் நடுவிரலில் புத்தகம் தைக்கும் நூல் சுற்றியிருந்தது.

அவருக்குப் பின்னால், வெள்ளை சீலிங் முழுக்க, மஞ்சள் மஞ்சளாய்த் தடங்கள்.