பெயர் போடாத பாட்டு

'நான் யாருன்னு அவளுக்குத் தெரியவே கூடாது' என்று, அனுப்பியவர் பெயர்கூட இல்லாமல் முடிந்திருந்தது அந்த மின்னஞ்சல். ஃபெம்கே அதைப் படித்துச் சிரித்துக்கொண்டாள்.

டிசம்பர் வந்தால் நெதர்லாந்தில் எல்லாரும் இப்படித்தான். சின்டர்க்ளாஸ் பண்டிகையன்று மாலையில், தரும் பரிசோடு ஒரு கேலிப் பாட்டும் வைத்தாக வேண்டும், அடியில் பெயர் போடக் கூடாது.

கோடையில் பத்திரிகை வேலை போன பிறகு மற்றவர்களுக்குக் காசு வாங்கி எழுதித் தரும் இந்தப் பாட்டுகள்தான் அவளுக்குச் சோறு போட்டன. வெட்கப்பட்டுக்கொண்டு அக்கம்பக்கத்தில் யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை. தனி ஆளை நம்பி யார் வேலை தருவார்கள் என்று, 'எங்களிடம் பத்துக் கவிஞர்கள்' என்று கூசாமல் விளம்பரம் போட்டிருந்தாள்.

சனிக்கிழமை விருந்துக்கான காலுறைப் பொட்டலம் மேஜையில் பாதி சுற்றிக் கிடந்தது. யார் யாருக்குப் பரிசு தருவது என்று, கட்டடத்துக்காரர்கள் அவரவர் பெயரை எழுதிப் போட்டுச் சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு மூன்றாம் மாடிக் கிழவர் வந்திருந்தார். அதைத் தள்ளி வைத்துவிட்டு, பாட்டு யாரைப் பற்றி என்று மின்னஞ்சலை மேலிருந்து வாசித்தாள்.

முப்பத்துநாலு வயசு. தனியா இருக்கா. ரொட்டியில சாக்லேட் தூளைக் கொட்டி அடுப்படியில நின்னுக்கிட்டே தின்பா.

கையிலிருந்த ரொட்டியை ஃபெம்கே கீழே வைத்தாள்.

எப்பவும் பச்சைக் கம்பளிச் சட்டை. மத்தியானம் ஆனா நடந்துக்கிட்டே தனக்குத்தானே பேசுவா. வாரம் ஒரு இடது கையுறையைத் தொலைப்பா.

அந்தத் தெருவில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை, அவளிடம் திரையே கிடையாது. எதிர் ஜன்னல் ஒவ்வொன்றிலும் யாரோ நிற்பது போல் பயந்து, செருப்புக்கூட இல்லாமல் கீழ் வீட்டுக்கு ஓடினாள்.

"ஹார்ம் அண்ணே, கதவைத் திறங்க. என்னை யாரோ நோட்டம் விடுறான்."

பஸ் ஓட்டுகிற ஹார்ம் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். "உள்ள வாம்மா. என்ன, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு?"

கைப்பேசியை நீட்டினாள். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. எட்டிக் கதவைச் சாத்தினார்.

"இது உன் கைக்கு எப்படி வந்துச்சு?"

"எனக்குத்தான் வந்துச்சு அண்ணே. போலீசைக் கூப்பிடலாமா?"

"போலீசெல்லாம் வேண்டாம். அனுப்பினது நான்தான்."

ஃபெம்கே பின்னோக்கி நகர்ந்து கதவுப் பிடியைத் தேடினாள்.

ஹார்ம் சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினார். 'ஃபெம்கே' என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது.

"குலுக்கல்ல உன் பேர்தான் எனக்கு வந்துச்சு. எனக்கு ரெண்டு வரி சேர்த்து எழுத வராதும்மா, அதான் அந்தப் பெரிய கம்பெனியில கேட்டேன்" என்றவர், கைப்பேசியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ, அந்தப் பத்துக் கவிஞரும் நீதானா?"