முந்திரிக் கொல்லையில் சில முகங்கள்

"முதுகுல ஒரு மூஞ்சி வச்சிருக்கே, இந்தப் பூச்சி எந்த மூஞ்சியால கோவப்படும்மா?" என்று அஞ்சலாட்சியின் மகள் மலர்விழி நாலு வயதில் கேட்டாள். செக்கச்செவேலென்ற அந்த நாற்றப்பூச்சியின் முதுகில் இரண்டு கரும்புள்ளிகள் கண்களைப்போல விழித்துக்கொண்டிருந்தன. அன்று அஞ்சலாட்சி சிரித்தாள்.

இப்போது சிரிப்பில்லை. இருவர் கொல்லைக்கும் நடுவே பூவும் பிஞ்சுமாக நின்ற வரப்பு மரத்தை அவளுடைய ஓரகத்தி பூங்காவனம் வெட்டிச் சாய்த்ததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை, ஏச்சு மட்டும்தான்.

பூங்காவனம் கால் முறிந்து கட்டிலில் கிடக்கிறாள். அவளுடைய முந்திரிக் கொல்லையில் இந்தப் பூச்சிகள் கொத்துக்கொத்தாக இறங்கிப் பிஞ்சுகளை உறிஞ்சுகின்றன. விட்டுவைத்தால் இந்த வருட விளைச்சலே போய்விடும். 'போகட்டும், சாமி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது' என்று நினைத்தாள் அஞ்சலாட்சி. ஆனால் காய்ச்சலில் வலிப்பு வந்து வெட்டி இழுத்த மலர்விழியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவளும் பூங்காவனம்தான். சாமி அதையும் பார்த்திருந்தது.

மறுநாள் விடியற்குளிரில் பூங்காவனத்தின் கொல்லையில் பூச்சிகள் பறக்கத் தெம்பின்றி ஒட்டியிருந்தன. அஞ்சலாட்சி ஒவ்வொன்றாகப் பிடித்து, அதன் மூஞ்சியைப் பார்த்து, "காய்க்கிற மரத்த வெட்டுன கை விளங்குமாடி?" என்று திட்டி, மண்ணெண்ணெய் வாளியில் போட்டாள். இலைக்கு அடியில் இருந்த முட்டைகளையும் நசுக்கினாள். கடைசி மரம்வரை விடவில்லை.

வீட்டுக்கு வந்து புளி போட்டுத் தேய்த்தும் கையின் வீச்சம் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், கட்டிலிலிருந்து பூங்காவனம் கத்தினாள்: "எவடி அங்க நாத்தத்தக் கெளப்புறவ?"

"ஒன் வாய் நாத்தம்தான், வேறென்ன!" என்றாள் அஞ்சலாட்சி. பார்க்க யாருமில்லாதபோதும் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.